விண்ணரசியின் கல்லறைத் திருநாள்

கல்லறைத் திருநாளன்று எஸ்டேட் சனம் முழுக்க மாலையும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போக, விண்ணரசி மட்டும் சரணாலயத்துக்கு பஸ் ஏறினாள். மகள் பெனிட்டாவின் கல்லறைக்குள் இருப்பது ஒரு கவுன்தான். தேயிலைக் காட்டிலிருந்து சிறுத்தை இழுத்துப்போன பிள்ளையில் மிச்சம் கிடைத்தது அவ்வளவுதான். கவுனுக்கு எதற்கு மாலை? பிள்ளை இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும்.

அந்தச் சிறுத்தையைப் பிடித்து அடைத்திருந்த கூண்டின் முன்னால் சுற்றுலா வந்தவர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அது முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

“இத்தன கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தது இது தூங்குறதப் பாக்கவா?” என்று ஒருவர் சலித்துக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் விசிலடித்துப் பார்த்தார்கள், கம்பியைத் தட்டினார்கள். அது காதைக்கூட அசைக்கவில்லை.

கூண்டுக்குக் காவலிருந்த வாச்சருக்கு விண்ணரசியைத் தெரியும். “மாலைய வச்சுட்டுக் கெளம்பும்மா. மெழுகுவத்தி மட்டும் வேணாம். மேல தெரிஞ்சா எனக்குத்தான் வம்பு,” என்றார் மெதுவாக.

அவள் மாலையைக் கம்பியோரம் வைத்தாள். வருஷா வருஷம் இப்படி வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுவாள்.

“உங்களுக்குப் பழக்கம்போல இருக்கே. நீங்க கூப்பிட்டுப் பாருங்களேன்,” என்றார் சலித்துக்கொண்ட அந்த ஆள்.

வாச்சர் குறுக்கே வருவதற்குள், பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரலில், “பெனிட்டா, எந்திரிம்மா,” என்றாள் விண்ணரசி.

சிறுத்தை தலையைத் தூக்கி அவளைத் திரும்பிப் பார்த்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த ஆள் செல்போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னொரு தடவ கூப்பிடுங்கம்மா. படம் சரியா விழல.”