வால் விடும் பாடம்

சுவர்க் காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி வாத்தியார் வகுப்பு நடத்திவந்தார். ஒரே பாடம்தான். பூனை பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடுவது எப்படி என்று. மற்ற குட்டிகளெல்லாம் பாஸாகிப் போய்விட்டன. கோந்து என்கிற குட்டிப் பல்லி மட்டும் மிச்சம்.

கோந்து முக்கும், முனகும். வால் அப்படியே இருக்கும். "இவ்வளவுதாண்டா!" என்று வாத்தியார் தன் வாலையே கழற்றிக் காட்டுவார். அது மறுபடி முளைத்ததும் மறுபடி காட்டுவார். கோந்து கைதட்டி ரசிக்கும்.

"அதுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுய்யா. உன் வாலையாவது மிச்சம் வை" என்றது பக்கத்துக் கடிகாரம்.

"நான் காட்டின விதம் சரியில்ல போல. வேற மாதிரி காட்டிப் பாக்கறேன்" என்றார் வாத்தியார்.

அப்படி வேறு மாதிரி காட்டி முடித்த அன்றைக்கே தரைக்கு இறங்கிய அவரைப் பூனை வந்து காலால் அமுக்கியது. கழற்றுவதற்கு அவரிடம் வால் இல்லை. அப்போது மேலேயிருந்து ஒரு வால் விழுந்து பூனையின் மூக்குக்கு முன்னால் துள்ளியது. பூனை அதன்மேல் பாய, வாத்தியார் தலைதெறிக்கக் காலண்டருக்குப் பின்னால் ஓடினார்.

அங்கே கோந்து மொட்டையாக நின்றது.

"மடையா! பூனை பிடிச்ச பிறகுதானே வாலை விடச் சொன்னேன்?"

"பிடிச்சுதே சார், உங்களை."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஃபெயில்தான். வால் முளைச்சதும் வா."