ஊதா ஒட்டகம்

மூன்றாவது அணியையும் விரட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

கல்லூரிப் பிள்ளைகளை இணையப் பாதுகாப்பு வேலைக்கு இழுப்பதற்காக நடத்தும் போட்டி. கடைசிச் சுற்றில் கம்ப்யூட்டருக்கு வேலை இல்லை. தனி அறையில் ஒருவர் ரகசியச் சொல்லோடு உட்கார்ந்திருப்பார். பேச்சுக் கொடுத்தே அதைக் கறக்க வேண்டும். யாரை விட்டும் பேசலாம், என்ன பொய்யும் சொல்லலாம். ஊரில் மோசடி அப்படித்தானே நடக்கிறது என்றார் ஏற்பாட்டாளர்.

சொல்லைக் காக்கப் பெற்றோரில் யாராவது வருகிறீர்களா என்று அவர் கேட்டபோது, முதலில் கையைத் தூக்கியவள் நான்.

காரணம் உண்டு. என் மகளும் போட்டியில் இருந்தாள். ஜெயித்தால் அவள் கேட்கிற பாதுகாப்புப் படிப்பு. தோற்றால் என் அண்ணன் ஆபீஸில் கணக்கு வேலை. அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். திருடர்களோடு மல்லுக்கட்டும் பிழைப்பு அவளுக்கு எதற்கு?

நானோ வங்கியின் புகார்ப் பிரிவில் காலமெல்லாம் போன் எடுத்தவள். என்னிடமா கறக்க முடியும்?

முதல் அணிப் பையன் மேனேஜர் என்று மிரட்டினான். அடுத்த அணிப் பெண் கூரியர் என்று குழைந்தாள். மூன்றாமவன் அழுதே விட்டான். மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மகள் மட்டும் கூப்பிடவே இல்லை. பயந்துவிட்டாள், பாவம்.

கதவு திறந்தது. என் வீட்டுக்காரர், கையில் டீயோடு.

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு தராத மனிதர். மனசு குளிர்ந்துபோயிற்று. ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லாமல், இஞ்சி தூக்கலாக, அருமையாக இருந்தது.

"எல்லாரையும் ஓட ஓட விரட்டிட்டியாமே! அப்படி என்னதான் வார்த்தை அது?"

கட்டின புருஷனிடம் சொன்னால் என்ன? கணக்கு வேலைக்கு என்னோடு சேர்ந்து தலையாட்டியவர்தானே. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"ஊதா ஒட்டகமா!" என்று தன் சட்டைப்பையைக் குனிந்து பார்த்து உரக்கச் சொன்னார்.

பக்கத்து அறையில் கைதட்டல் கேட்டது. அவர் சட்டைப்பைக்குள் போன் வெளிச்சமாக இருந்தது.

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவரைத் திட்ட வாயெடுத்தேன். இந்த மனிதருக்கு இவ்வளவு மூளை எப்போது வந்தது?

ஆத்திரத்தில் இன்னொரு வாய் குடித்தபோதுதான் உறைத்தது.

டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தச் சொன்னது அவருக்குத் தெரியாது. அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவள் மகள்தான். அப்பா காதுக்குப் போகக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் எத்தனையோ முறை துருவித் துருவிக் கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

டீயைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். கணக்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.