சாட்சிக் கையெழுத்து

பத்து வருஷமா கடைக் கல்லாவில உட்கார்றவ நான். சாட்சிக்கு மட்டும் அவளா?

சரளா மனசுக்குள் பொருமினாள். மாமனார் ஐயாவு உயில் எழுதுகிறார். ஒரு சாட்சி வக்கீலின் குமாஸ்தா. இன்னொரு சாட்சியாகச் சின்ன மருமகள் யோகேஸ்வரியை அழைத்திருந்தார். அவளோ கோவிலுக்குப் போவதுபோல் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“மாமாவுக்கு என் மேல எவ்வளவு நம்பிக்கை பாருங்கக்கா!”

“ஆமாலா, பெரிய டத்தின் பட்டம் வாங்கினவ நீ!”

வக்கீல் பேனாவை யோகேஸ்வரியிடம் நீட்டினார். சரளாவுக்குப் பொறுக்கவில்லை.

“நான் போடுறேன் மாமா. மூத்த மருமக நான்தானே?”

ஐயாவு சிரித்தார்.

“நீ போட்டா, நீ உட்கார்ற சிம்பாங் பூலாய் கடை உன் புருஷனுக்கு வராதும்மா. சாட்சி போடுறவளுக்கும் அவ புருஷனுக்கும் உயில்ல எதுவும் செல்லாது, சட்டம் அப்படி. அதான் இவளைக் கூப்பிட்டேன். என் பேச்சைக் கேக்காம சிங்கப்பூர் போன இவ புருஷனுக்கு நான் ஒண்ணும் எழுதலைலா.”

யோகேஸ்வரியின் முகம் வெளுத்தது. பேனா காகிதத்தில் இறங்கவில்லை.

“சரளா, நீ சொன்னா இவ கேப்பா. போடச் சொல்லும்மா.”

இவ்வளவு நேரம் தான் பொறாமைப்பட்ட அந்தக் கையைச் சரளா பார்த்தாள். பேனாவை மெல்ல வாங்கி மூடினாள்.

“நான் சொல்ல மாட்டேன் மாமா.”