ஸ்பேருக்கு ஒரு பந்து

"இறுக்கமா இருக்குதுங்களா, லூசா இருக்குதுங்களா?"

ஆறாவது பந்துக்கும் கிறிஸ்துதாஸ் அதே கேள்வியைத்தான் கேட்டான். சாந்தாமேரி பந்தின் ஓட்டைகளில் விரல்களை விட்டு எடுத்தாள். "லூசுங்க," என்றாள். அவன் அதைக் கீழே வைத்துவிட்டு ஏழாவதைத் தூக்கினான்.

ஏற்காட்டில் அந்த கிளப்பின் பின்பக்கம் பந்து உருட்டும் கூடம் ஒன்று இருந்தது. மரத்தளத்தின் கோடியில் பத்துக் கட்டைகள் நிற்கும். பந்தை உருட்டிச் சாய்க்க வேண்டும். எஸ்டேட் துரைமார்களும் துரைசாணிகளும் ஊர் திரும்பியபோது விட்டுப்போன பதினொரு பந்துகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் விரலுக்கு அளவெடுத்துப் போட்ட மூன்று ஓட்டைகள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எஸ்டேட், கிளப் ஊழியர்களின் குடும்பங்களுக்கு ஜோடிப் போட்டி. முதல் பந்து ஆணுக்கு. அவன் விட்டுவைத்த கட்டைகளை இரண்டாம் பந்தில் பெண் சாய்த்துவிட்டால் அது ஸ்பேர். நாகலூர் எஸ்டேட் ரைட்டர் கிறிஸ்துதாஸும், பள்ளிக்கூட டீச்சர் சாந்தாமேரியும் மூன்று வருடமாக ஜோடி. மூன்று வருடமும் ஸ்பேரில்தான் தோற்றார்கள்.

அந்த மூன்று வருடத்தில் அவன் அவளிடம் பந்தைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை வீட்டார் தன்னைப் பெண் பார்க்க வருவதாக நேற்று அவளே அவனிடம் சொன்னாள். "அப்படீங்களா," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு ஸ்பேருக்கு ஒரு நல்ல பந்தாப் பார்த்துருவமுங்க," என்றான்.

"ஏனுங்க ரைட்டரே," என்றார் மரியஅந்தோணி. கட்டைகளை நிறுத்தி வைக்கிறவர் அவர்தான். கூடத்துக்கும் அவரே பொறுப்பு, சாந்தாமேரிக்கும் அவரே அப்பா. "ஒரு மணி நேரம் உருட்டிப்போட்டு இப்பப் பந்து பாக்கறீங்களே. வெரலு சூடேறி வீங்கியிருக்கும். நாளைக்குக் காத்தால வந்து பாருங்க."

"நாளைக்கு ஆகாதுங்க ஐயா. இன்னைக்கே பாத்தாகோணும்."

"அதுவும் பந்து பாக்கறதுன்னா பெருவெரலுக்குப் பாக்கோணும். நீங்க என்னமோ அந்த நாலாவது வெரலையே புடிச்சுத் தொங்கறீங்க."

"ஸ்பேருக்கு அந்த வெரலுதானுங்க முக்கியம்."

"முப்பது வருசமா இங்க கட்டை நிறுத்தறேன். நான் கேள்விப்பட்டதில்லீங்க," என்று மரியஅந்தோணி ஒரு கட்டையைத் துடைக்கத் தொடங்கினார்.

ஏழாவது பந்து மெரூன் நிறம். சாந்தாமேரி விரல்களை விட்டாள். "இது சரியா இருக்குதுங்க."

"எடுக்கறப்ப?"

"கணுவுல துளி புடிக்குது. அப்புறம் வந்துருது."

கிறிஸ்துதாஸின் முகம் முழுக்க மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்துச் சுருட்டி, அந்த நாலாவது விரலின் ஓட்டைக்குள் விட்டான். சுருள் விரிந்து ஓட்டையோடு ஒட்டியதும் தாளின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். பிறகு அதை எடுத்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டான்.

"எதுக்குங்க அது?"

"அளவு மறந்துரக்கூடாது பாருங்க."

மரியஅந்தோணி வலது மூலையில் ஒரே ஒரு கட்டையை நிறுத்தினார். சாந்தாமேரி மெரூன் பந்தை உருட்டினாள். அது நேராகப் போகிற மாதிரி போய், கடைசியில் தளத்தின் ஓரத்துக் காடிப் பள்ளத்தில் இறங்கியது. இன்னொரு முறை உருட்டினாள். மறுபடியும் காடிதான்.

"இந்தப் பந்துல ஒத்தக் கட்டை விழலீங்க!"

"நல்ல பந்துதானுங்க டீச்சர்."

"என்னங்க நல்ல பந்து? ஞாயித்துக்கெழம சேலத்துக்காரங்க வந்து, எங்கப்பாவும் செரின்னுட்டா, அடுத்த வருசத்துக்கு நீங்க வேற ஜோடிதான் பாக்கோணும். தெரியுதுங்களா?"

கிறிஸ்துதாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "தெரியுதுங்க. நாலு மணி பஸ்ஸுக்குச் சேலம் போகோணும். நான் வரட்டுங்களா?"

அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, சாக்பீஸ் தூள் படிந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் மரியஅந்தோணி அவனை மறித்தார். அவன் பையிலிருந்த தாள் சுருளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பென்சில் கோட்டை நிதானமாகப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு சுருளை அவன் பையிலேயே வைத்துப் பித்தானைப் போட்டுவிட்டார்.

"வெரலு வீங்கியிருக்குதுங்க மாப்ள. ஆசாரிகிட்டச் சொல்லி மோதிரத்தைக் கால் நூல் கொறச்சே செய்யுங்க."