ரைத்தா கழுவிய ஏடுகள்

"கழுவித்தான் ஆகணும்னா நானே கழுவுறேன். என் புருஷன் எழுதின ஏட்டுல உங்க ஆளுங்க கை படக் கூடாது!"

ரைத்தா போட்ட சத்தத்தில் பாக்தாத் புத்தகச் சந்தையே வேலையைப் போட்டுவிட்டு அவள் கடை முன்னால் கூடிவிட்டது.

வாசலில் தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில், கிரேக்க நூல்களைக் கழுவி அழிக்க வந்த சந்தை அதிகாரி இப்னு முஹ்ரிஸ்.

ரைத்தாவின் கணவர் வைத்தியர். கிரேக்க மருத்துவ நூல் ஒன்றை ஒன்பது வருடம் பாடுபட்டு அரபியில் எழுதி முடித்தார். முடித்த கையோடு கண்ணை மூடினார். ஆயிற்று, இரண்டு வருடம். இருப்பது இந்த ஒரே பிரதி. தோல் ஏடு, தண்ணீரில் முக்கினால் மை போய்விடும்.

"நம்மகிட்ட இல்லாததையா கிரேக்கன் சொல்லிடப் போறான்? நம்ம அரபுப் பாட்டு போதாதா நமக்கு?" என்றார் அதிகாரி. "நானும் கல் நெஞ்சுக்காரன் இல்லம்மா. 'என் புருஷன் புத்தி கெட்டுப்போய் கிரேக்கன் பின்னால போனாரு'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடு. புத்தகத்தை நீயே வச்சுக்கோ."

பக்கத்துக் கடை உத்பாவுக்குப் பதறியது. "ஒரு வார்த்தைதானேக்கா! சொல்லித் தொலைச்சிடு. ஒன்பது வருஷ உழைப்பு!"

ரைத்தா அதிகாரி பக்கம் திரும்பினாள். "யாரு புத்தி கெட்டவரு? உங்க தாயாருக்கு ஜன்னி கண்டப்போ இதே கிரேக்க வைத்தியத்துலதானே பிழைக்க வச்சாரு? அன்னைக்கு மட்டும் கிரேக்கன் இனிச்சானாக்கும்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியின் முகம் சிவந்தது. "ம், முக்கு!"

ஒவ்வொரு ஏடாக முக்கினாள். கணவரின் கையெழுத்து கரைந்து தண்ணீர் கறுத்தது. ஆனாலும் அவள் அந்த ஆளின் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"ஒழிஞ்சது சனியன்!" வெற்று ஏடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதிகாரி கிளம்பினார்.

"வீம்பு பிடிச்சு எல்லாத்தையும் தொலைச்சிட்டியேக்கா!" உத்பா தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் படபடப்பு வந்துவிட்டது போலும், நாலு எட்டு வைத்த அதிகாரி நின்றார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துத் துடிப்பைப் பார்த்தபடி, டைகிரிஸ் படகுக்காரர்கள் துடுப்புப் போட்டுக்கொண்டே பாடும் பாட்டை முணுமுணுத்தார்: "துள்ளினால் சூடு, துவண்டால் குளிர்ச்சி..."

"கேட்டியா உத்பா? அது மூணாவது அத்தியாயம்" என்றாள் ரைத்தா. "போன வருஷமே மொத்தப் புத்தகத்தையும் பாட்டாக் கட்டி, படகுத்துறையில விட்டுட்டேன்."