பச்சை வந்துச்சா?

"வந்துச்சா சார்?" என்று அலைபேசிக்குள்ளிருந்து மருந்துக்கடைக்காரம்மா கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா," என்றார் கண்டக்டர்.

கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒரு சிமெண்ட் குழாயின் வாய்க்கு எதிரே ஓடைத் தண்ணீரில் நின்றிருந்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஓடைக் காப்புக் குழுவில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரும் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடாததால், அதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

அந்தக் குழாயில் மழைத்தண்ணீர் மட்டும்தான் வர வேண்டும். மாதக்கணக்கில் சாக்கடை நாற்றம் வந்துகொண்டிருந்தது. கோடையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மேல் தெருவில் ஏதோ ஒரு வீட்டின் கழிவுக்குழாய் இதோடு சேர்ந்திருக்கிறது. எந்த வீடு என்றுதான் தெரியவில்லை.

எந்த மகராசன் வீட்டுக் கக்கூஸோ, கண்டுபிடித்தால் மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தவரும் கண்டக்டர்தான்.

குழுத் தலைவரான வாத்தியார் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வீடாகப் போய் முதலில் கழிப்பறை, அடுத்து குளியலறை, கடைசியில் சமையலறை என்று பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றுவது. மீனுக்கும் மனுஷனுக்கும் கெடுதல் செய்யாத சாயம். கீழே ஒருவர் குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்த வீட்டில் ஊற்றும்போது பச்சை வருகிறதோ, அந்த வீடு மாட்டிக்கொண்டது.

நாற்றத்தில் நிற்க யார் முன்வருவார்கள்? அந்த வேலை ஞாயிறுதோறும் கண்டக்டர் தலையில் விழுந்தது. மற்றவர்கள் மேலே வீடு வீடாகப் புகுந்து பேசுவதும் சிரிப்பதும் அலைபேசியில் கேட்கும். அவர்கள் இணைப்பைத் துண்டிப்பதில்லை. இவர் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பார். ஆயுசு முழுக்க ஆள் நிரம்பிய பஸ்ஸுக்குள் இடிபட்டவருக்கு இப்போது கிடைத்த கூட்டம் அவ்வளவுதான்.

மற்ற வீடுகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் ஒன்றும் வரவில்லை. மிச்சம் இருந்தது தெருக்கோடி வீடு.

கண்டக்டரின் வீடு.

காலையிலேயே எழுந்து கூட்டித் துடைத்தார். மனைவி இறந்துபோன பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்ட நாற்காலிகளைப் பிரித்துக் கூடத்தில் போட்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, விருந்தாளிகளை எதிர்பார்ப்பவர் போல வாசலிலேயே நின்றார்.

வாத்தியார் படியேறியதும் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நீங்க வழக்கம்போல கீழ போய் நில்லுங்க சார், இங்க நாங்க பாத்துக்கறோம்."

கண்டக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் வேலை என்றால் வேலைதானே. வீட்டை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சரிவில் இறங்கி வந்தார்.

கழிப்பறையில் ஊற்றிவிட்டுத்தான் மருந்துக்கடைக்காரம்மா அப்படிக் கேட்டது.

வரவில்லை என்றதும் எல்லாரும் குளியலறைக்கு நகர்ந்தார்கள். மழைக்கு உப்பிப்போன அந்தக் கதவு தரையை உரசிக்கொண்டு திறப்பது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. குழுவில் இன்னொருவரான டிரைவிங் ஸ்கூல்காரர் கூடத்துச் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, இது யார், வீட்டுக்காரம்மாவா, என்ன லட்சணம், கண்டக்டர் கொடுத்து வைத்தவர்தான் என்றார். கீழே கண்டக்டர் யாரும் இல்லாத கரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

மருந்துக்கடைக்காரம்மா மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இல்லை என்றார். தண்ணீரைத் தாராளமாக விடுங்கள் என்றும் சொன்னார்.

சமையலறையில் குழாய் திறந்தது. பாத்திரத்தோடு பாத்திரம் மோதியது. ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டு உருண்டு எங்கோ போய் நின்றது. ஐயோ என்று ஒருத்தி கத்த, இரண்டு பேர் சிரித்தார்கள்.

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அவர் ஒருவர் கழுவிக் கவிழ்க்கும் தட்டு மோதிச் சத்தம் போடக்கூடத் துணை இல்லை.

எந்த வீடு என்று தெரிந்துவிட்டால் இந்த வேலை முடிந்தது. கொத்தனாரை விட்டுக் குழாயை மாற்றினால் ஓடை பிழைத்துக்கொள்ளும். அடுத்து எதிர்க்கரையில் கன்று நடும் வேலை இருக்கிறது. அதற்கு யாரும் யார் வீட்டுக்குள்ளும் வர வேண்டியதில்லை. மூன்றாவது தடவை கேட்டபோதும் இல்லை என்றார்.

"சார், கொஞ்சம் பொறுத்து மறுபடி மொதல்லேர்ந்து ஊத்திப் பாக்கலாம்னு வாத்தியார் சொல்றாரு. அதுவரைக்கும் டீ போட்டுக்கலாமா? தூள் எங்க இருக்கு?"

கண்டக்டர் அலைபேசியை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

"அடுப்புக்கு மேல, இடது பக்கம்மா. எல்லாரும் உக்காந்து குடிங்க. ஒண்ணும் அவசரமில்ல, நான் இங்கதான நிக்கறேன்."

அடுப்பு பற்றிக்கொண்டது. சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று அவர்களுக்குள் ஒரு சண்டை ஆரம்பித்தது.

குடித்து முடிக்கட்டும், முடித்த உடனே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கழிப்பறையில் ஊற்றிய முதல் வாளிக்கே வந்துவிட்ட பச்சை, அவர் காலைச் சுற்றிக்கொண்டு, ஓடையின் வளைவையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.