ஒன்பது ஊடை

பகல் பதினொன்று பத்துக்கு சர்வர் செத்துப்போனது. அடுத்த இரண்டு நிமிடத்தில் முசரவாக்கம், ஏனாத்தூர், தாமல் என்று எங்கள் நாற்பத்திரண்டு தறிகளும் நின்றுவிட்டன.

எங்கள் தறிகளில் இப்போது துளை போட்ட டிசைன் அட்டை கிடையாது. டிசைன் சர்வரிலிருந்து வரிவரியாக வரும், நெசவாளர் ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே ஓர் இழை, ஓர் ஊடை, போடுவார். மும்பை சர்வரிலிருந்து வந்தால் தறி விக்கி விக்கி ஓடும். அதனால் ஒரு கிளவுட் கம்பெனி காஞ்சிபுரத்திலேயே வைத்திருக்கும் எட்ஜ் சர்வர்களில் இரண்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒன்று ஓடும், மற்றது சும்மா நிற்கும்.

தறிகளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. எலாஸ்டிக் ஐபி என்பார்கள். அதை ஒரு சர்வரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிவிடலாம். பின்னால் ஆள் மாறியது தறிக்குத் தெரியாது. கேட்டதற்குப் பதில் வந்தால் போதும், அது பாட்டுக்கு ஓடும்.

"சீக்கிரம் மாட்டுமா, ஆளாளுக்கு போன் போட்டுக்கினு இருக்காங்க" என்றார் முதலாளி மணிவண்ணன், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு. பின்னால் ஆள் நின்றால் எனக்குக் கை ஓடாது. இருந்தாலும் கழற்றினேன், மாட்டினேன்.

திரையில் தறிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. முதலாளி தண்ணீர் குடிக்கப் போனார்.

பதினேழாம் தறியும் பச்சையானது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதினேழில் ஓடுவது முகூர்த்தப் புடவை. மாப்பிள்ளை வீட்டு ஆர்டர். முந்தியில் இரண்டு பெயரும் ஜரிகையில் வர வேண்டும். மாப்பிள்ளை பெயரை நேற்றே நெய்தாயிற்று. இன்று பெண் பெயர்.

ஆர்டர் கொடுத்த பிறகு அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. அவர்கள் தேதியை மாற்றவில்லை. மண்டபத்தை மாற்றவில்லை. புடவையின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. பெண்ணை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

டிசைன் போடும் ஜுனைத் பழைய பெயரை எடுத்துவிட்டு அபிநயா என்று போட்டான். இரண்டும் நாலெழுத்து என்பதால் பெரிய வேலை வைக்கவில்லை.

எங்கள் வழக்கப்படி ஃபைலுக்கு மாப்பிள்ளை வீட்டின் பெயரையும் கல்யாணத் தேதியையும்தான் வைப்போம். பெண் யார் என்பது ஃபைலைத் திறந்தால்தான் தெரியும். ஆகவே புதியது அதே பெயரில் பழையதன் மேல் உட்கார்ந்துகொண்டது, ஓடுகிற சர்வரில் மட்டும். மாறிய ஃபைலை மற்ற சர்வரிலும் நகல் எடுத்து வைப்பது என் வேலை. ஜுனைத் மாற்றிய அன்று நான் லீவு. வந்த பிறகும் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன்.

இப்போது பதினேழாம் தறி பழைய பெண்ணின் பெயரை நெய்துகொண்டிருக்கிறது.

பட்டில் விழுந்த ஜரிகையைப் பிரித்தால் தடம் தெரியும். பத்து ஊடைவரை கைகாரர் என்றால் தெரியாமல் பிரித்துவிடுவார். அதற்குமேல் போனால் புடவை பாழ். கல்யாணம் வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய்.

முசரவாக்கத்தில் அந்தத் தறியில் உட்கார்ந்திருப்பவர் கலியாணசுந்தரம். போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தறி ஓடும்போது அவர் போனை எடுக்க மாட்டார். மறுபடி போட்டேன். மறுபடியும் அதே கதை.

ஒரு தறியை மட்டும் நிறுத்த வழி இருக்கும். அதை யோசிக்க எனக்கு நிதானம் இல்லை. முகவரியையே கழற்றிவிட்டேன்.

நாற்பத்திரண்டும் சிவப்பு.

முதலாளி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். ஏதோ கத்த வாயைத் திறந்தார். திரையில் இருந்த ஃபைலின் பெயரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

ஜுனைத் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஒரு பென் டிரைவை நீட்டினான். புது ஃபைல். ஏற்றினேன். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

போன் அடித்தது.

"இன்னாமா, மறுபடியும் நின்னுட்சி?" கலியாணசுந்தரம்தான்.

எத்தனை ஊடை விழுந்தது என்று கேட்டேன். அவர் எண்ணினார். அவசரமே இல்லாமல், விரலை வைத்து வைத்து எண்ணுகிற ஆள்.

ஒன்பது.

பெயர் தப்பாக வந்துவிட்டது, பழைய ஃபைல், அத்தனையையும் பிரித்துவிடுங்கள் என்றேன்.

"பிரிச்சிர்றேன்மா. ஆனா ஜரிகை வீணா பூடும், யார் சொல்லி பிரிச்சன்னு நாளைக்கு கேப்பாங்கல்ல. உன் பேரு இன்னாமா?"

முதலாளி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஜுனைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் நாளைக்கு ஊர் சொல்லும். சொல்லட்டும். அந்த மாப்பிள்ளை வீட்டுப் பீரோவில் பழைய பெயர் ஒரு நாள்கூட மடித்துக் கிடக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இப்ப பிரிக்கப் போறீங்கல்லண்ணா, அந்தப் பேருதான்" என்றேன்.

மறுமுனையில் அவர் தறிப் பலகையில் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

போனை வைக்காமலே பிரிக்க ஆரம்பித்தார்.